தட்டும் டையும்

பூலாம்பாடியில் மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, நடந்தே போகிற பால்வாடி, அதாவது அங்கன்வாடி. கையில் ஒரு தட்டும் தம்ளரும் கொடுத்தனுப்பினால் போதும். அதை மறந்து போனாலும் அங்கே ஒன்று கிடைக்கும். மற்றொன்று, மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற எல்.கே.ஜி. அதற்கு டை, பெல்ட், ஷூ, சாக்ஸ், அடையாள அட்டை, டைரி, புத்தகப்பை, டிபன் பாக்ஸ், ஸ்நாக்ஸ் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளை ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். அதை அனுப்பிவைக்கும் ஆயத்தம் மட்டும் இரண்டு வாசலுக்கும் தலைகீழாக இருக்கிறது. எந்த வாசல் உசத்தி என்பதை ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆனால் முதல் நாளுக்குப் பிள்ளையைப் பழக்குவது என்ற ஒரு விஷயத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், ஊர் முடிவு தப்பு என்பதுதான் என் கட்சி.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. மேற்கே பச்சைமலை. பக்கத்திலேயே, மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய அரும்பாவூர். சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வெயில் ஏறுவதற்குள் காட்டில் இறங்கியிருக்க வேண்டும். ஆண்களில் பலர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஆகவே முதல் நாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போவது பல வீடுகளில் அப்பாயிதான், இல்லையென்றால் அம்மாயி. 'பள்ளியைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள், படக்கதை வாசித்துக் காட்டுங்கள், முந்தின வாரமே வகுப்பறையைக் காட்டிக் கூட்டிவாருங்கள்' என்று பெற்றோருக்காக எழுதப்படும் ஆலோசனைகளில் இந்த அப்பாயி எங்கேயும் தட்டுப்படுவதில்லை.

எல்.கே.ஜி. ஆயத்தம் பொங்கல் கழிந்ததுமே தொடங்கிவிடும். விண்ணப்பம், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு ஒரு முயற்சி. அதன் பிறகு இன்டர்வியூ. 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே 13ஆம் பிரிவில், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை. சட்டத்தின் மையம் ஆறு முதல் பதினான்கு வயது என்பதால் மழலை வகுப்பில் அதன் பிடி தளர்ந்துதான் கிடக்கிறது. இன்டர்வியூ என்ற பெயர் போய், 'சும்மா பேசிப் பார்ப்போம்' என்றாகியிருக்கிறது. சும்மா பேசுவதற்குத்தான் மூன்று மாதப் பயிற்சி. 'வாட் இஸ் யுவர் நேம்' என்றால் என்ன சொல்ல வேண்டும், சிவப்பைக் காட்டினால் ரெட், ஆப்பிளைக் காட்டினால் ஆப்பிள். வீட்டில் தக்காளிக்கு மேல் எதுவும் தெரியாத பிள்ளை, படத்தில் பார்த்து ஆப்பிள் என்கிறது.

ஏப்ரலில் சிலேட்டு வரும். ஸ்டேண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. போன யாருக்கும் இந்த மூன்று கோடுகளையும் விளக்க வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் முன்பே பிள்ளை அதைப் போட்டுவிட்டால் வீட்டுக்கு ஒரு பெருமை. ஆனால் மணிக்கட்டில் எட்டு சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் எலும்பாகவே இறுகியிருக்காது, குருத்தாகத்தான் இருக்கும். அந்தக் கைக்குப் பென்சிலைவிடக் களிமண்ணும், புளியங்கொட்டையும், கோலமாவும்தான் பொருந்தும். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவில் தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பழக்கினார். கை தானாகப் பழுத்த பிறகே எழுத்து என்பது அவர் பாடத்தின் உயிர்நாடி. இன்றைக்கு அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, அதே பலகைக்குக் கீழே உட்கார வைத்து ஏ-யை நூறு தடவை எழுதச் சொல்லும் பள்ளிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

இதெல்லாம் மூளைக்கான ஆயத்தம். முதல் நாள் உண்மையில் சிக்கல் வருகிற இடம் இடுப்பும் வயிறும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் அரை நிமிட அவகாசம்தான். அந்த அரை நிமிடத்தில் அது, கையைத் தூக்கி, 'மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்' என்ற வாக்கியத்தை முழுசாகச் சொல்லி, மிஸ் தலையாட்டும் வரை பொறுத்து, வராண்டாவைக் கடந்து, பெல்ட்டைக் கழற்றி, கொக்கியை விடுவித்து, ஜிப்பை இறக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுவது பெரியவர்களுக்கே அவசரத்தில் தடுமாற்றம். சீருடையைத் தீர்மானித்தவர்கள் பிள்ளை அதைத் தானே அவிழ்க்குமா என்று யோசித்ததாகத் தெரியவில்லை. டிபன் பாக்ஸும் அப்படித்தான். குழம்பு சிந்தாமல் இருக்க இறுக்கமான மூடியாகப் பார்த்து வாங்குகிறோம். பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. மத்தியானம் ஒரே ஆயா முப்பது மூடிகளைத் திறந்துகொண்டு வருவதற்குள் கடைசிப் பிள்ளைக்குப் பசி அடங்கிப்போகும். மாலையில் டப்பா அப்படியே திரும்பி வந்தால், 'சாப்பிடவே மாட்டேங்குறான்' என்று வீட்டில் அவனுக்குத் திட்டு விழும்.

பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தத் தேர்வுகள் எதுவும் கிடையாது. இழுத்தால் இறங்குகிற எலாஸ்டிக் டவுசர் அல்லது பாவாடை. காலில் செருப்பு, சில நாள் அதுவும் இல்லை. சோறு தட்டில் போட்டு முன்னால் வைக்கப்படும். கையால் அள்ளித் தின்னத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் ஆயா ஊட்டிவிடுவார். 'ஒண்ணுக்கு வருது' என்று வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லலாம். பால்வாடிக்குப் போவதற்கென்று அந்தப் பிள்ளை புதிதாகக் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. வறுமையால் வந்த எளிமை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எது ஏற்ற உடை, எது ஏற்ற பாத்திரம் என்று கேட்டால் எந்தக் குழந்தை நல மருத்துவரும் இதைத்தான் சொல்வார்.

இன்னும் ஆழமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எல்.கே.ஜி.க்கு முதல் நாள் என்று தெளிவான ஒரு நாள் உண்டு, ஜூனில். பால்வாடிக்கு அப்படி ஒரு நாளைச் சுட்டிக்காட்டவே முடியாது. தாய் கருவுற்றதும் பால்வாடிப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறுகிறது. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் அவள் கைக்கு வளையல் போடுகிறவர்களில் பால்வாடி டீச்சரும் ஒருவர். சத்துமாவுப் பாக்கெட் வாங்க அவள் அந்தக் கட்டடத்துக்குத்தான் வருகிறாள். பிறந்த பிள்ளையை மாதாமாதம் எடை போடுவது அங்கே. பல ஊர்களில் தடுப்பூசி நாளும் சொட்டு மருந்து நாளும் அங்கேதான். இரண்டரை வயதில் பிள்ளை தட்டோடு வாசலில் வந்து நிற்கும்போது, அந்தத் திண்ணை, அந்த எடைமேடை, அந்த டீச்சரின் குரல் எல்லாம் அதற்குப் பழக்கமானவை. டீச்சருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளை, எடை குறைந்து எந்த மாதம் தேறியது, அப்பன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பது வரைக்கும் தெரியும். முன்பின் அறியாத இடத்தில் பிள்ளையை விடும் கட்டமே இங்கே வருவதில்லை.

அதன் பிறகும் பிள்ளை அழும். அழுதால் அப்பாயி படியிலேயே உட்கார்ந்துவிடுவார். வெற்றிலை போடுவார், ஆயாவோடு ஊர்க்கதை பேசுவார். பிள்ளை உள்ளே போய் ஒரு பொம்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாயி இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும். இருப்பார். மறுபடி உள்ளே போகும். சில நாள் முட்டை தின்று முடித்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படி இரண்டு மூன்று வாரம். யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை, அதிகாரிகள் பார்த்தால் வருகைப் பதிவில் ஒழுங்கில்லை என்றுகூடச் சொல்வார்கள்.

ஜெர்மனியில் இதற்குப் பெயர் இருக்கிறது. 1980களில் பெர்லினில் இன்ஃபான்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பழக்கும் முறையை இன்று அந்த நாட்டின் மழலையர் காப்பகங்கள் பரவலாகக் கையாள்கின்றன. முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு அறையிலேயே, ஒரு மணி நேரம் போல, ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிக்கும் முயற்சியே கூடாது. நான்காம் நாள், சொல்லிவிட்டுச் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். அழுகை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதைப் பார்த்து அடுத்த நாளின் பிரிவு நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பால்வாடிப் படியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் அப்பாயி செய்வதும் ஏறக்குறைய இதேதான். பெர்லின்காரர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. சொல்லாமல் போகக் கூடாது. நம் அப்பாயிகள் இதில் கொஞ்சம் சறுக்குவார்கள். பிள்ளை விளையாட்டில் ஆழ்ந்த நேரம் பார்த்து நழுவுவது அவர்களுக்கு மிகவும் பிடித்த உத்தி.

எல்.கே.ஜி. முதல் நாளில் நழுவக்கூடத் தேவையில்லை. வேனே பிரித்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு முன்னால் தூக்கக் கலக்கம் தீராத பிள்ளையை உதவியாளர் அள்ளி உள்ளே வைப்பார், கதவு மூடும். 'ஒடனே வந்துருவேன் சாமி' என்று சன்னலுக்குச் சொல்லப்படும் பொய், தூசியோடு பின்னால் நிற்கும். வேன் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்கு 2012இல் தமிழ்நாடு தனி விதிகளே கொண்டுவந்தது. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் அதிகாரிகள் வாகனங்களை வரிசையாக நிறுத்தி அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். அதெல்லாம் தேவைதான். வேனுக்குள் ஏறும் பிள்ளை அதற்கு முன் அந்த உதவியாளரின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறதா என்பதைச் சோதிக்கத்தான் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவதில் இரண்டு கட்சி உண்டு. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, படியோரமாக இறக்கி, நாளாக ஆகக் குடுக்கையை அவிழ்ப்பவர்கள் ஒரு கட்சி. தூக்கிப் போட்டால் தானாக நீந்துவான் என்பவர்கள் மறு கட்சி. இரண்டாம் கட்சிக்காரர்கள் நீந்திக் கரையேறியவர்களை மட்டும்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். எல்.கே.ஜி. வகுப்பில், 'ஒரு வாரம் அழுவான், அப்புறம் சரியாயிடும்' என்பது அந்தக் கட்சியின் வாதம். சரியாகத்தான் ஆகிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு. ஆனால் அழுகை நின்றதையே பழகியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதில் ஒரு அபாயம் இருக்கிறது. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடந்த சிறு பிள்ளைகளைப் பார்த்து, 1952இல் ஒரு படமே எடுத்தார். முதலில் பிள்ளை எதிர்க்கிறது, அடுத்து சோர்ந்துபோகிறது, கடைசியில் யாரோடும் ஒட்டாமல் விலகி அமைதியாகிறது என்று அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார். செவிலியர்கள் அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் 'பழகிவிட்டது' என்று எழுதிவைத்திருந்தார்கள். இரவு பகலாக நீண்ட மருத்துவமனைப் பிரிவும், மாலையில் வீடு திரும்பும் பள்ளிப் பிரிவும் ஒன்றல்ல. இருந்தாலும் ஒரு மிஸ்ஸும் ஓர் ஆயாவும் முப்பது அழுகைகளைச் சமாளிக்கும் அறையில், முதலில் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கிறது. ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை, அது தொந்தரவு தருவதில்லை என்பதால்.

வீடுகளும் முதல் நாளுக்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே பிள்ளையைத் தயார் செய்துவிடுகின்றன, தலைகீழாக. 'சேட்ட பண்ணுன, பள்ளிக்கொடத்துல கொண்டுபோய்ப் போட்டுருவேன்' என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கேட்கிற மிரட்டல். டீச்சர் என்றால் ஊசி போடுபவர், மிஸ் என்றால் குச்சி வைத்திருப்பவர். பிறகு ஜூன் மாதத்தில் திடீரென்று, 'மிஸ் ரொம்ப நல்லவங்கடா, அடிக்கவே மாட்டாங்க' என்று ஒரு சமாதானம். அடி என்ற நினைப்பே இல்லாத பிள்ளைக்கும் அது அப்போதுதான் வருகிறது. இந்த ஒரு குற்றத்தில் பால்வாடி வீடு, எல்.கே.ஜி. வீடு என்ற பேதமே கிடையாது.

இரண்டு வாசல்களும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் அவற்றின் சுபாவம் இன்னும் புரியும். பிரெடரிக் ஃப்ரோபல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் தொடங்கிய இடம்தான் கிண்டர்கார்டன் என்ற பெயரோடு உலகம் சுற்றியது. மரக்கட்டைகள், உருண்டைகள், பாட்டு, தோட்டவேலை இவைதான் அங்கே பாடம். நமக்கு அது ஆங்கில நர்சரி வழியாக வந்து சேர்ந்தபோது கே.ஜி. என்ற எழுத்துகள் மட்டும் பத்திரமாக வந்தன, தோட்டம் வழியிலேயே நின்றுவிட்டது. பால்வாடியின் கதை வேறு. மராட்டியக் கடற்கரையில் போர்டி என்ற ஊரில் 1945இல் தாராபாய் மோடக் பள்ளி தொடங்கினார். பழங்குடி, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராத பிள்ளைகளைத் திட்டுவதற்குப் பதிலாக அவர் பள்ளியை அவர்கள் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற எண்ணம் அங்கே முளைத்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமாக அது அரசிடம் வந்தது. தமிழ்நாட்டில் அதன் மேல் சோறும் சேர்ந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பாப்பாக்குறிச்சி அன்றைய திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. பூலாம்பாடியும் அப்போது அதே மாவட்டம். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் சோறு என்றதும், காட்டு வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையை விட ஓர் இடம் கிடைத்தது.

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டுப் பால்வாடியின் மறுபக்கத்தை மறைத்தால் பூலாம்பாடித் தாய்மார்கள் சிரிப்பார்கள். பிள்ளையின் முதல் நாளை அவ்வளவு இதமாக நடத்துகிற இடம், இருநூறாவது நாளில் என்ன செய்கிறது? பல மையங்களில் அதிகம் ஒன்றும் இல்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அழகான பெயரில் பாடத்திட்டம் இருக்கிறது. நடத்த ஆள் வேண்டுமே. டீச்சர் ஒருவர். அவர்தான் எடை போட வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், சத்துமாவுக்குக் கணக்கெழுத வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்ற வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏற வேண்டும். பக்கத்து மையத்தில் பணியிடம் காலியானால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் இல்லாத நேரம் சமையல், பிள்ளை இரண்டும் ஆயா தலையில். வாரத்தில் மூன்று முட்டை ஒழுங்காக வரும். மூன்று பாட்டு ஒழுங்காக வருமா என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில், மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, சமைப்பவர் யார் என்று பார்த்து, வாய்விட்டுக் காரணம் சொல்லாமலே பிள்ளையை அனுப்பாமல் இருக்கிறார்கள். வேன் அந்தச் சங்கடத்திலிருந்து மரியாதையாகத் தப்பிக்க வழி கொடுக்கிறது. ஆங்கில வழிக் கல்வி என்ற காரணம் எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது.

அந்தக் காரணமும் முழுப் பொய்யல்ல. எல்.கே.ஜி.யில் ஓர் இடம் என்பது பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லாத இடம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் 'இடமில்லை' என்பார்கள். மலேசியாவில் வெல்டிங் அடிக்கும் தகப்பன், மகன் டை கட்டி நிற்பதை வீடியோ காலில் பார்க்கிறான்; அனுப்பிய பணத்துக்கு அது கண்ணில் தெரிகிற கணக்கு. அவன் வேலை செய்யும் நாட்டில் ஒன்றாம் வகுப்பு வெகுகாலமாக ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் தொடங்கி வந்திருக்கிறது. அதற்கு முன் பாலர் பள்ளியில் ஆட்டமும் பாட்டும். அங்கே குடியேறிய சொந்தக்காரர் பிள்ளை ஐந்து வயதில் கட்டை அடுக்கிக்கொண்டிருக்க, இங்கே ஐந்து முடிந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறது. பெரியவர்களானதும் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடுகிறார்கள். தொலைபேசியில் எவ்வளவோ பேசும் குடும்பங்கள் இதை மட்டும் ஒப்பிட்டுப் பேசுவதில்லை.

நடைமுறையில் ஊர் ஒரு சாமர்த்தியம் செய்கிறது. இரண்டரை வயதிலிருந்து ஒரு வருஷம் பால்வாடி, அதன் பிறகு எல்.கே.ஜி. 'சும்மா பழகட்டும்னு போட்டுருக்கோம்' என்பார்கள். அந்தச் 'சும்மா'வில்தான் பிள்ளை அப்பாயியை விட்டு இருக்கக் கற்றுக்கொள்கிறது, மற்றப் பிள்ளைகளோடு பாயில் படுத்துத் தூங்கக் கற்றுக்கொள்கிறது, சொந்தமாகச் சாப்பிட, ஒன்றுக்குச் சொல்ல, வரிசையில் தட்டோடு நிற்கக் கற்றுக்கொள்கிறது. ஜூனில் எல்.கே.ஜி. வகுப்பில் அழாமல் உட்காரும் பிள்ளைகளைக் காட்டி, 'எங்க ஸ்கூலுக்கு வந்தா சீக்கிரம் செட்டாயிடுவாங்க' என்று நிர்வாகம் சொல்லும். பழக்கியவர் தெருக்கோடியில் செயலியில் பதிவேற்றிக்கொண்டிருப்பார்.

பால்வாடி டீச்சர் கையில் நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் மூவரும் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் ஆசிரியரைக் கொடுத்தார்கள். புதுக் கட்டடம் இல்லை, டை இல்லை. பாடத்துக்கும் விளையாட்டுக்கும் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தியிருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காதது இன்னொன்று: பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்திருந்தது. பாடம் வேறொருவர் கைக்குப் போனதும், பழைய டீச்சருக்கு எடையையும் சத்தையும் ஒழுங்காகக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் காரணம்.

அரசும் இரண்டு வாசலையும் ஒன்றாக்கிப் பார்த்தது. 2019 ஜனவரியில், அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள்; பெரிய வகுப்புக்குப் பயின்றவர்களை மழலைக்கு இறக்குவதா என்று சங்கங்கள் வழக்குப் போட்டன. 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பப் போவதாகச் செய்தி வந்து, பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்ததால், வகுப்புகள் தொடரும் என்று சில நாளில் அறிவிப்பு மாறியது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். பால்வாடியின் இதமும் எல்.கே.ஜி.யின் பெயரும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்த நல்ல வாய்ப்பு அது. அதை 5,000 ரூபாயில் முடித்துவிட நினைத்தது எனக்கு இன்றும் கசக்கிறது.

எல்.கே.ஜி.தான் என்று முடிவு செய்துவிட்ட வீட்டுக்கு மே மாதத்தில் செய்ய முடிகிறவை சில உண்டு; எல்லாமே பால்வாடியிலிருந்து கடன் வாங்கியவை. சிலேட்டை மூடிவைத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்து, பிள்ளை தானே திறக்கிற மூடியாகப் பார்த்து வாங்கி, மத்தியானச் சோற்றை அதிலேயே போட்டு, திண்ணையில் உட்கார வைத்துச் சாப்பிடப் பழக்கலாம். சீருடையின் இடுப்பில் தையல்காரரைக் கொண்டு எலாஸ்டிக் வைத்துவிட்டு, பெல்ட்டைப் பெயருக்கு மேலே மாட்டலாம். வேன் ஓட்டுநரும் உதவியாளரும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போய் முகத்தைக் காட்டிப் பேர் சொல்லிவைக்கலாம். 'ஒடனே வந்துருவேன்' என்பதை விட்டு, 'சாப்ட்டு, தூங்கி எந்திரிச்சதும் அப்பாயி ரோட்டுல நிப்பேன்' என்று சொல்லி, சொன்னபடி நிற்கலாம். பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது, சோறும் தூக்கமும் தெரியும்.

பள்ளி செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது, செலவோ குறைவு. முப்பது பிள்ளைகளையும் ஒரே காலையில் ஒரே அறையில் இறக்குவதை யார் கட்டாயமாக்கியது? விஜயதசமிச் சேர்க்கையைப் பாருங்கள். தட்டில் பரப்பிய பச்சரிசியில் அ எழுத வைத்து, அன்றைக்கே பள்ளியில் சேர்க்கும் வழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. சில ஆண்டுகளாக அரசும் அந்த விடுமுறை நாளில் பள்ளிகளைத் திறந்துவைத்துச் சேர்க்கச் சொல்கிறது. அப்படி நடுவில் வரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர்தான். வகுப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கும், மிஸ்ஸுக்கு அந்த ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நேரம் இருக்கும், அழுகையும் ஒட்டிக்கொள்ளாது. அதே கணக்கை ஜூனுக்குக் கொண்டுவந்து, நாளைக்கு ஆறு பிள்ளை என்று ஐந்து நாளில் வகுப்பை நிரப்பலாம். முதல் நாள் வரும் ஆறு பேருடன் ஆறு அப்பாயிகளும் வகுப்புக்கு வெளியே வராண்டாவில் ஒரு மணி நேரம் உட்காரலாம். இரண்டாம் நாள் அவர்கள் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொண்டு கிளம்ப, அடுத்த ஆறு பேர் வருவார்கள். நிர்வாகங்கள் இதற்குச் சொல்லப்போகும் தடை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: வேனின் பாதையையும் நேரத்தையும் அந்த ஒரு வாரத்துக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும்.